ஆயாவைப் பார்த்துக்கொண்ட கதை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஆயா தனியாக இருந்தாள். அவளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று சென்னை அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் வாங்கிய லீவு கொஞ்சநஞ்சமல்ல. ஆயாவுக்குத் தெரிந்திருந்தால் லீவிலும் பங்கு கேட்டிருப்பாள்.

சிறு வயதில் ரோமன் ரோலண்ட் வீதியில் க்ளூனி கன்னியர் மடத்து எம்பிராய்டரிக் கூடத்தில் ஊசி பிடித்தவள். தாத்தா போன பிறகு மேசைவிரிப்பிலும் தலையணை உறையிலும் பூப்போட்டே பிள்ளைகளைக் கரையேற்றினாள். பார்வை மங்கியதும் ஊசியை வைத்துவிட்டு வட்டிக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். அவள் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் பாதித் தெரு வேறு வழியாகப் போகும்.

ஊர் வரலாற்றை அவள் வாயால் கேட்டு எழுதிப் பெயர் வாங்கும் ஆசை எனக்கு இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது அவளுக்கு இருபது தாண்டியிருக்கும்.

“கொடி மாறினப்போ எங்க ஆயா இருந்தே?”

“வூட்டுல. உங்கப்பனுக்குக் காய்ச்சல்.”

விடவில்லை. அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்ததையும், 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னதையும் எடுத்துச் சொன்னேன். ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மீதி எட்டுப் பேரு ஒத்துக்கலையா? அவ்ளோ கூட்டத்துக்கு நடுவுல! நெஞ்சழுத்தம்டா.”

வரலாறு கேட்கப் போனவன் வரலாறு சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு. இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை. தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. பாரிசில் இருந்திருக்க வேண்டியவன் நான் என்று ஒருநாள் அவளிடம் புலம்பினேன். “அங்க மட்டும் வேளையோட எழுந்துடுவியா?” என்றாள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. தானே புயல்தான் மானத்தை வாங்கியது. 2011 டிசம்பர் 30 காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. முந்தின நாளே, கிழவி தனியாக என்ன செய்வாளோ என்று பஸ் ஏறிவிட்டேன். கையில் ஒரு பிரெட் பாக்கெட், ஒரு டார்ச். டார்ச்சில் பேட்டரி இல்லை என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. ஆயா அண்டா, குடம், சொம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அரிக்கேன் விளக்கில் மண்ணெண்ணெய், டப்பாவில் அவல், ஜன்னல் கதவுக்குக் கயிறு.

“நான் என்ன ஆயா செய்யணும்?”

“ஓரமா உக்காரு.”

உட்கார்ந்தேன். காற்று ஓட்டைப் பிய்த்து எறியத் தொடங்கியதும் கட்டிலுக்கடியில் போய்விட்டேன். இதை ஆயா தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம் மட்டும் சொன்னாள். அத்தையிடம் சொன்னால் போதும். மின்சாரம் வர நாளாயிற்று. எண்பதைத் தொட்டவள் தெருமுனைக் கைப்பம்பிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்ற, நான் குளித்தேன். எழுதக் கூசுகிறது. ஆனால் நன்றாகத்தான் குளித்தேன்.

தொண்ணூறு தாண்டி, ஒரு மதியம் மீன்குழம்பு சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. யாரையும் ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை.

காரியம் முடிந்ததும் அத்தை தகரப் பெட்டியைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்தாள். எனக்கென்று தனிப் பக்கம் இருந்தது. கல்லூரிக் காலத்தில் டி.வி.எஸ். ஃபிஃப்டி வாங்க அவள் கொடுத்த பணம் மேலே, வட்டி பக்கத்தில். மாதாமாதம் நான் அனுப்பிய பணமெல்லாம் கீழே வரிசையாக ‘வரவு’. ஆயாவுக்குச் சோறு போடுவதாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, அவள் தவணை வசூலித்துக் கொண்டிருந்திருக்கிறாள். தவறிய மாதங்களுக்கு அபராதம் வேறு. போனால் போகிறது என்று கூட்டிப் பார்த்தால், பாக்கி இருந்தது.

நோட்டு இப்போது அத்தையிடம். போன பொங்கலுக்குக் காலில் விழுந்தேன். திருநீறு பூசி, “நல்லா இரு” என்று வாழ்த்திவிட்டு, “வட்டியைத் தள்ளிக்கலாம், அசலையாவது குடுத்துடுடா” என்றாள்.