இரட்டைத் தள்ளுவண்டி இயல்

1. நோக்கமும் எல்லையும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தார்கள். காப்பில் தொடங்கி ஆண்பிள்ளைக்குச் சிறுதேரில் முடியும் அந்த வகுப்பில் ஒரு பெருங்குறை உண்டு. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை தாலாட்டுக் கேட்கும் தாலப் பருவத்திலும், இன்னொன்று தளிர்நடை போடும் வாரானைப் பருவத்தைத் தாண்டி ஓட்டப் பருவத்திலும் இருந்தால், இரண்டையும் கடைத்தெருவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று ஒரு புலவரும் சொல்லவில்லை. புலவர்களைப் பிள்ளைகளோடு கடைக்கு அனுப்புவார் இல்லாமையே காரணமாகலாம். சிறுதேர்ப் பருவத்தில் தேர் இருக்கிறதே என்று சிலர் வாதிடக்கூடும். அந்தத் தேரைப் பிள்ளைதான் உருட்டுகிறது. அதில் ஏறி உட்காருவதில்லை. ஆகவே அந்த வாதம் தள்ளுபடி.

இக்கட்டுரை அந்தக் குறையை நிரப்ப முயல்கிறது. ஆய்வுக்களம் கிழக்கு லண்டன்: ஈஸ்ட்ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நோர்த், அதன் தமிழ் மளிகைக் கடைகள், அதையொட்டிய பழைய வரிசை வீடுகள். ஆய்வு மாந்தர் இருவர். ஒருவர் இரண்டரை வயது நிரம்பிய மூத்தவர். மற்றவர் பிறந்து ஆறு வாரமான இளையவர். ஆய்வு அறம் கருதிப் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. மூத்தவரிடம் ஒப்புதல் கோரப்பட்டது, கிடைக்கவில்லை. இரண்டரை வயதில் அவர் எதற்கும் ஒப்புதல் தருவதில்லை என்பதால் அது ஆய்வைத் தடுக்கவில்லை.

2. முன்னோர் கண்டவை

தமிழ் மரபில் ஒரு குழந்தைக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஊர்தி திருஞானசம்பந்தரின் முத்துச் சிவிகை. பெரியபுராணம் சொல்வது இது: பிள்ளையைத் தந்தை சிவபாத இருதயர் தோளில் சுமந்து சென்றார், தந்தை வருந்துவது பொறாத பிள்ளை இறங்கி நடந்தது, நடந்து களைத்த பிள்ளைக்குத் திருவரத்துறை இறைவன் முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் அருளினார். இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியவை மூன்று. தோள், நடை, களைப்பு, ஊர்தி என்ற வரிசை இன்றுவரை மாறவில்லை. குடை, சிவிகையோடு சேர்ந்தே வந்தது. இன்றோ தள்ளுவண்டியின் மழை உறைக்குப் பல கடைகளில் தனி விலை. சம்பந்தருக்குப் பின் இன்னொரு பிள்ளை பிறந்ததாகப் புராணம் பேசவில்லை. எனவே சிவிகை ஒற்றை இருக்கை கொண்டதாகவே இருந்திருக்கும்.

இரு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சான்று தேடினால் கயிலைக்குத்தான் போக வேண்டும். அங்கே மூத்தவருக்கு மூஞ்சூறு, இளையவருக்கு மயில். ஆளுக்கொரு வாகனம் இருந்தும் ஒரு பழத்தால் குடும்பம் பிரிந்தது. இளையவர் பழனி மலை ஏறிவிட்டார். வாகனத்தைப் பிரித்தால் சண்டை தீரும் என்ற கருதுகோள் கயிலையிலேயே பொய்த்துப் போயிற்று.

இங்கிலாந்துச் சான்றுகள் 1733இல் தொடங்குகின்றன. டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்தார். அதை இழுக்க வேண்டியது ஆடு போன்ற சிறு விலங்கு. களைப்பு என்ற சிக்கல் அக்காலத்தில் ஆட்டின் தலையில் இருந்தது. பின்னர் அது பெற்றோரின் தலைக்கு மாறியது. 1889இல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன், பிள்ளையின் முகம் தள்ளுபவரைப் பார்க்கவும் தெருவைப் பார்க்கவும் திருப்பக்கூடிய தொட்டில் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1965இல் ஓவன் மக்லாரன் வந்தார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர் அவர். பேரப்பிள்ளையின் கனத்த வண்டியைக் கண்டு மனம் பொறாமல், அலுமினியக் குழாய்களால் மூன்று கிலோவுக்கும் குறைந்த எடையில், குடைபோல் மடங்கும் வண்டியை உருவாக்கினார். போர் விமானியின் இடுப்பில் ஒரு கைக்குழந்தையும், காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்றும் இருந்தால் விமானத்தின் சக்கரங்கள் எவ்வளவு நேரத்தில் மடங்கியிருக்கும் என்பது மட்டும் இன்னும் ஆராயப்படாத துறை.

3. வகைப்பாடு

சந்தையில் உள்ளவற்றை ஐந்து நிலைகளாகப் பகுக்கலாம்.

இணைநிலை: இரு இருக்கைகளும் பக்கத்தில் பக்கம். இருவருக்கும் ஒரே காட்சி என்பதால் சமத்துவம் நிலவும் என்பர். ஆனால் மூத்தவரின் கை இளையவரின் மூக்குவரை எட்டும். பாதி கடித்த பிஸ்கட் பற்களில்லாத வாய்க்குள் அன்போடு திணிக்கப்படுவது இவ்வகையில்தான். இரு பிள்ளைகளின் எடையும் வெகுவாக வேறுபட்டால் வண்டி கனமான பக்கம் இழுக்கும்.

தொடர்நிலை: ஒருவர் முன், ஒருவர் பின். அகலம் குறைவு, நீளம் அதிகம். நடைபாதை விளிம்பில் ஏற்ற வேண்டுமானால் கைப்பிடியை அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்க வேண்டும். மூத்தவர் 13 கிலோ, இளையவர் 5 கிலோ, வண்டி 14 கிலோ, அடியில் ஒரு அரிசிப் பை 5 கிலோ என்று கொண்டால் மொத்தம் 37 கிலோ. உடற்பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் செலுத்துவதை இவ்வகை வாங்குவோர் நிறுத்திக்கொள்ளலாம்.

மறைநிலை: மேலே ஒரு முழு இருக்கை, அதற்குக் கீழே, பின்புறமாக இன்னொன்று. நியூசிலாந்திலிருந்து வந்து புகழ்பெற்ற வகை. பார்ப்பவர்க்கு ஒற்றை வண்டி. உற்றுப் பார்ப்பவர்க்கே கீழே இன்னொரு முகம் தெரியும். கீழ் இருக்கையின் இயற்கைக் காட்சி, மேல் இருக்கையின் அடிப்பாகம்.

ஒட்டுநிலை: ஒற்றை வண்டி, பின்னால் மூத்தவர் ஏறி நிற்க ஒரு சக்கரப் பலகை. விலை குறைவு, இடம் குறைவு. தள்ளுபவரின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒவ்வோர் அடிக்கும் பலகையில் மோதும் என்பது விளம்பரங்களில் காணப்படாத செய்தி.

துணிநிலை: இளையவரை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு, வண்டியை மூத்தவருக்கே விட்டுவிடுவது.

துணிநிலை தவிர எந்த நிலையானாலும் ஒரு விதிக்கு விலக்கில்லை. பிறந்த குழந்தை ஏறக்குறைய ஆறு மாதம்வரை வண்டியில் மல்லாந்து படுத்தே போக வேண்டும். இரட்டை வண்டி என்று எழுதப்பட்டிருப்பதாலேயே இரண்டு இருக்கையும் முழுவதும் படுக்கையாகச் சாயும் என்று கொள்ளலாகாது. எது சாயும், எது சாயாது என்று கடையிலேயே சாய்த்துப் பார்ப்பது ஆய்வாளர் கடன்.

4. வாசற் கணிதம்

இங்கிலாந்து வீடுகளில் உட்கதவுப் பலகையின் வழக்கமான அகலங்களுள் ஒன்று 762 மில்லிமீட்டர், அதாவது பழைய கணக்கில் இரண்டரை அடி. இணைநிலை வண்டிகள் பலவற்றின் அகலம் 74 சென்டிமீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் வரும். 762இலிருந்து 740ஐக் கழித்தால் 22 மிச்சம். ஆகவே வண்டி நுழையும் என்று கடையில் சொல்வார்கள்.

இக்கணக்கு கதவை மறந்த கணக்கு. கதவு நேர்கோணத்தில் திறந்து நின்றாலும் அதன் கனம் வழியிலேயே நிற்கும். உட்கதவின் கனம் சாதாரணமாக 35 மில்லிமீட்டர். 762இலிருந்து 35 போனால் 727. வண்டியோ 740. இந்த 13 மில்லிமீட்டரில்தான் பல இல்லறங்களில் ‘நான் அப்பவே சொன்னனான்’ என்ற வாக்கியம் பிறக்கிறது. புதிய வீடுகளின் முன்வாசலுக்குக் கட்டட விதிகள் குறைந்தது 775 மில்லிமீட்டர் திறப்புக் கேட்கின்றன. சக்கர நாற்காலியில் வருவோரை நினைத்து எழுதிய விதி அது; தள்ளுவண்டியும் அதன் தயவில் பிழைக்கிறது. விக்டோரியா காலத்து வரிசை வீடுகளுக்கு அந்த விதி தெரியாது. அங்கே முன்வாசலைத் தாண்டினாலும், ஒடுங்கிய நடையில் விருந்தினரின் செருப்புகளும் ஒரு மூட்டை சம்பா அரிசியும் காத்திருக்கும்.

கடையின் தரை வழுவழுப்பானது, அகலமானது, வெறுமையானது. அத்தகைய தரை கடைக்கு வெளியே எங்கும் இல்லை. பிள்ளைகள் ஏறாத வண்டியை அதில் ஒரு விரலால் தள்ளிக் காட்டும் பரிசோதனையை எந்த ஆய்விதழும் ஏற்காது.

5. மூத்தவர் நியதிகள்

இயலின் உயிர்நிலை இதுவே. வண்டி இளையவருக்காக வாங்கப்படுகிறது என்பது பொதுமக்கள் நம்பிக்கை. இளையவருக்கு வேண்டியவை படுக்கை, சூடு, பால். அவை ஒரு கூடையிலும் கிடைக்கும். வண்டியின் தலைவிதியைத் தீர்மானிப்பவர் மூத்தவர். அவருடைய ஒழுகலாற்றைக் கூர்ந்து நோக்கி நான்கு நியதிகள் வகுக்கப்படுகின்றன.

முதல் நியதி: இருக்கை இருக்கும் நாளில் மூத்தவர் நடப்பார், இருக்கை இல்லாத நாளில் நடக்கமாட்டார்.

இரண்டாம் நியதி: இரு இருக்கைகளுள் எதில் இளையவர் கிடத்தப்பட்டாரோ அதுவே மூத்தவர் பிறந்தது முதல் விரும்பிவந்த இருக்கை.

மூன்றாம் நியதி: மூத்தவர் முன்னறிவிப்பின்றி இறங்குவார். அவர் முன்னிருக்கையில் இருக்கும் நம்பிக்கையில் கைப்பிடியில் பைகளை மாட்டியிருந்தால், அவர் இறங்கிய கணமே ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்ந்து வண்டி மல்லாரும். இது நகைச்சுவை அன்று, இயற்பியல். பைகளின் இடம் வண்டியின் அடிக்கூடை.

நான்காம் நியதி: அம்மாவின் முகம் தெரியும் பக்கமே அரியணை.

நான்காவதற்கு உண்மையான ஆய்வுத் துணை உண்டு. டண்டீ பல்கலைக்கழகத்தின் சுசான் ஸீடிக் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தம்மை நோக்கி உட்காரும் பிள்ளையிடம் பெற்றோர் கூடுதலாகப் பேசுவது தெரியவந்தது. வண்டி எதிர்ப்பக்கம் பார்த்தால் பேச்சு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தொடர்நிலை வண்டிகள் பலவற்றில் கைப்பிடியை ஒட்டிய இருக்கை இளையவருக்கு. மூத்தவருக்கு முன்னிருக்கையும் தெருவும். ஆறு வாரங்களுக்கு முன்புவரை அம்மாவின் முகம் முழுவதும் அவருக்கே உரியதாக இருந்தது. இப்போது அவர் முன்னால் 115ஆம் எண் பேருந்து தெரிகிறது. அவர் முதுகை வில்லாக வளைத்துப் பட்டியை மாட்டவிடாமல் கத்துவதைப் பிடிவாதம் என்று பதிவு செய்வது ஆய்வுப் பிழை. அது ஒரு மேல்முறையீடு.

6. சட்டமும் பேருந்தும்

தள்ளுவண்டி உச்ச நீதிமன்றம்வரை போனதுண்டு. 2012 பெப்ரவரியில், யார்க்ஷயரின் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போகும் பேருந்தில் சக்கர நாற்காலிப் பயணியான டக் பாலி ஏற முயன்றார். சக்கர நாற்காலிக்கான இடத்தில், தூங்கும் பிள்ளையுடன் ஒரு தள்ளுவண்டி நின்றது. ஓட்டுநர் கேட்டார், வண்டி மடங்காது என்று பதில் வந்தது, பாலியால் அதில் போக முடியவில்லை. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஓட்டுநர் வெறுமனே கேட்டுவிட்டு ஓய்ந்துவிடக்கூடாது, மறுப்பு நியாயமற்றதானால் மேலும் வற்புறுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

லண்டன் பேருந்திலும் அந்த இடத்தில் முதல் உரிமை சக்கர நாற்காலிக்கே. அதில் ஐயமோ வருத்தமோ வேண்டியதில்லை. வாங்குவோர் கேட்க வேண்டியது இதுதான்: மழையில், இரண்டு பிள்ளைகளோடு, இந்த வண்டியை என்னால் மடக்க முடியுமா? முடியாது என்றால் அது பேருந்துக்கு ஏற்ற வண்டியன்று. சுரங்க ரயிலில் படியின்றி ஏறியிறங்கக்கூடிய நிலையங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே என்பதையும் நினைவில் வைப்பது நலம்.

7. தடையும் விடையும்

இவ்வியலுக்கு வலுவான தடை யாழ்ப்பாணத்திலிருந்து பேறுபார்க்க வந்த அம்மம்மாவிடமிருந்து எழுகிறது. ‘உந்த வண்டிலுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு காசு குடுத்தனீ? ஒண்டை இடுப்பிலை வை, மற்றதைக் கையிலை பிடி. நாங்கள் அஞ்சு வளர்த்தனாங்கள்’ என்பது அவர் வாதம்.

விடை: அந்த ஐந்துக்கும் ஒரு முற்றம் இருந்தது, அயலில் சித்தியும் மாமியும் இருந்தார்கள், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அதற்கும் மூத்த பிள்ளை இருந்தது. இடுப்புகள் பல இருந்த இடத்தில் வண்டி வேண்டியிருக்கவில்லை. ஈஸ்ட்ஹாமில், கணவர் வேலைக்குப் போன பிறகு, ஒரு வீட்டில் ஒரேயொரு இடுப்புத்தான். ஆகவே தடை மறுக்கப்படுகிறது. ஆனால் அவர் வாதத்தின் பாதி துணிநிலையாக ஏற்கப்படுகிறது: இளையவரை மார்போடு கட்டிக்கொண்டால் அவருக்கு அம்மாவின் நெஞ்சு கிடைக்கும், தாய்முகம் நோக்கித் திருப்பிய ஒற்றை வண்டி மூத்தவருக்கு மீளும். அரியணைச் சிக்கல் தீர்வதற்கு ஆய்வு கண்ட ஒரே வழியும் அதுவே.

8. முடிபு

இரு பிள்ளைகளுக்கும் இடையே இரண்டு வயதுக்கும் குறைந்த இடைவெளி என்றால் இரட்டை வண்டி தேவைதான். வாசலுக்கு அடங்குமானால் இணைநிலை, அடங்காவிட்டால் தொடர்நிலை. மூத்தவர் இரண்டரையைத் தாண்டிவிட்டால், இருக்கும் ஒற்றை வண்டியும் ஒரு துணியும் போதும். சில மாதம் கழித்து ஒரு சக்கரப் பலகை சேர்த்துக்கொள்ளலாம். இரட்டை வண்டியின் பயன்காலம் குறுகியது; ஆகவே கைமாறிய வண்டியை வாங்குவதில் இழுக்கில்லை, பிரேக்கும் பட்டிகளும் மடிப்புக் கொக்கியும் சரியாக இருந்தால் போதும். கடைக்குப் போகும்போது இருவரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்: ஓர் அளவுநாடா, உங்கள் மூத்த பிள்ளை. அளவுநாடா சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை சொல்வதற்குக் கீழ்ப்படியுங்கள்.