ரேப்பியர் வாள் எங்கே கிடைக்கும்?

கேள்வி: 16-ம் நூற்றாண்டு ஐரோப்பியக் கனவான்கள் இடுப்பில் கட்டிய ‘ரேப்பியர்’ வாளின் தரமான நகல் ஒன்று வேண்டும். யாரிடம் செய்யச் சொல்லலாம்?
– வாள் பிரியர், பெண்ணாடம்

பதில்: கலிக்கம்ப நாயனார் ஊர்க்காரர் வாள் கேட்டால், முதலில் வீட்டம்மாவின் நலம்தான் விசாரிக்க வேண்டும்! அடியார் காலில் நீர் வார்க்கத் தயங்கியதற்கே மனைவியின் கையைத் துணித்தவர் ஆயிற்றே அந்த நாயனார்.

அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்திக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். அரிவாளுக்கு முன்பாரம் வேண்டும். ரேப்பியருக்கு நேர் எதிர். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒல்லியான அலகு, நுனி போகப் போக மெலியும். கனமெல்லாம் பிடிப் பக்கம். வெட்டுவதைவிடக் குத்துவதற்கே பிறந்தது.

நம் நாட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். டேராடூனில் 1943-ல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம், கூர்க்காக்களின் குக்ரியோடு பழைய ஐரோப்பிய வாள்களின் நகல்களையும் செய்து ஏற்றுமதி செய்கிறது. அன்று மராட்டியர் ஐரோப்பிய அலகை வாங்கி, நம் நாட்டுப் பிடி போட்டு ‘ஃபிரங்கி’ ஆக்கினார்கள். இன்று முழு வாளும் இங்கிருந்து அங்கே போகிறது!

யாரிடம் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எடை எவ்வளவு? சமநிலைப் புள்ளி எங்கே? பிடிக்குள் போகும் வால், அலகோடு ஒரே இரும்பா, வெல்டிங் வைத்ததா? மூன்றாவதற்குத் திணறினால், அது சுவரில் மாட்டும் சாமான்.

இன்னொன்று: 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட வாள், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின் பட்டியலில் வருகிறது. அட்வான்ஸ் கொடுக்குமுன் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.