ஜாஸ் அண்ணன்

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் கூட்டம் எதை எடுத்தாலும் அதில் ஒரு ஜாஸ் அண்ணன் இருப்பார். நாற்பதை ஒட்டிய வயது. வாரம் முழுக்க ஹைடெக் சிட்டியில் சர்வருக்குக் காவல். சனிக்கிழமை சாயங்காலம் கறுப்பு டி-ஷர்ட்டுக்குள் புகுந்துவிட்டால் ஆளே வேறு.

ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிகள் இரண்டு பேரை மெட்ரோவில் ஏற்றி, பெத்தம்மா குடியில் இறக்கி, ஜூபிலி ஹில்ஸ் ரோடு நம்பர் 36 பக்கம் ஒரு மாடிக்குக் கூட்டிப் போவார். சின்ன இடம். சாக்ஸபோன்காரர் கொஞ்சம் திரும்பினாலும் முன்வரிசைக்காரர் தன் பீர் கோப்பையை நகர்த்திக்கொள்ள வேண்டும். அண்ணன் உட்காருவது அந்த முன்வரிசையில்தான்.

வாசிப்பு தொடங்கியதும் அவர் வலது கை தொடைக்குப் போய்விடும். 'டேக் ஃபைவ்' வந்தாலோ, கேட்கவே வேண்டாம்.

"தம்பி, அஞ்சு எண்ணிக்கை. நம்ம கண்ட சாபு! பால் டெஸ்மண்ட் போட்டது, 1959. அதுக்கு முந்தின வருஷமே அவரோட குழுத் தலைவர் டேவ் புரூபெக் மெட்ராஸுக்கு வந்து மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் பார்த்துட்டுப் போயிட்டார், தெரியுமா?"

"அண்ணே, பசிக்குது."

சொன்னது அத்தனையும் சரி. அதுதான் கொடுமை, தப்பாக இருந்தால் மறுத்தாவது பேசலாம். இதற்குள் டிரம்ஸ் தனி முடிந்திருக்கும். முதல் கைதட்டல் அண்ணனுடையது. இவருடைய தாத்தா மியூசிக் அகாதெமியில் ராகத்தைக் கண்டுபிடித்துப் பக்கத்து நாற்காலிக்கு அறிவித்துக்கொண்டே இருந்தவராக இருக்க வேண்டும்.

ஜாஸ் முடிந்து, நாற்காலிகளை ஓரம் தள்ளி, டெக்னோ ஆரம்பித்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாதே தவிர, கைபேசியில் தட்டி நீட்டுவாரே! 'டெட்ராய்ட், எண்பதுகள், டெரிக் மே.' அடுத்து: 'சரண்ஜித் சிங், பம்பாய், 1982. பத்து ராகம், டிஸ்கோ தாளம், ரோலண்ட் 303 சிந்தசைசர். ஆசிட் ஹவுஸ்னு ஒண்ணு பிறக்குறதுக்கு முன்னாடியே நம்மாளு பண்ணிட்டார்!' மூன்றாவது நீட்டலின்போது தம்பிகள் எதிரே இல்லை. கூட்டத்துக்குள் போய் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் ஆட மாட்டார். நாலே நாலு எண்ணிக்கை, திரும்பத் திரும்ப. கணக்குப் போட ஒன்றுமில்லாத இசையில் அவருக்கு என்ன வேலை?

விடியப்போகும் நேரத்தில் நாம்பள்ளியில் ராம் கி பண்டி என்ற தோசைக் கடை. தோசைமேல் வெண்ணெயும் சீஸும் விழுவதைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் சுருங்கும். "இதெல்லாம் தோசையாடா?" ஜாஸுக்குள் கண்ட சாபுவைக் கண்டு கண் கலங்கியவர், தோசைக்குள் சீஸை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். சாப்பிடுவார், ஒப்புக்கொள்ள மாட்டார்.

இவரோடு போக நேர்ந்தால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். டிக்கெட்டுக்கு அவரேதான் பணம் கொடுப்பார். அதை மட்டும் மறுத்துவிடாதீர்கள்.