கேரட் தன்னைத்தானே செரிக்குமா? – ஒரு தடைவிடை ஆய்வு

அறிஞர் உலகம் இன்னும் உரிய கவனம் செலுத்தாத பெருஞ்சிக்கல்களுள் ஒன்று, பச்சையாகக் கடித்த கேரட் வயிற்றுக்குள் போய்த் தன்னைத்தானே செரித்துக்கொள்ளுமா என்பது. செரித்துக்கொள்ளும் என்பார் ஒரு சாரார். காயில் உயிருள்ள நொதிகள் உண்டு. அடுப்பு அவற்றைக் கொல்கிறது. சமைத்ததைத் தின்பவர் தம் உடம்பின் நொதிக் கையிருப்பைக் கரைக்கிறார் என்பது அவர்தம் கட்சி. அமெரிக்கரான எட்வர்ட் ஹோவெல் 1985இல் வந்த ‘என்சைம் நியூட்ரிஷன்’ நூலில் இதை விரித்துரைத்தார். சூடு நொதியைக் கெடுக்கும் என்பது மெய். அதில் நமக்கு வழக்கில்லை. சூட்டுக்குத் தப்பிய நொதி உள்ளே போய் என்ன செய்கிறது என்பதே வழக்கு.

கேரட் தன் நொதிகளைத் தன் வளர்ச்சிக்கும் சுவாசத்துக்குமாக உண்டாக்கிக்கொண்டது. தின்ன வருபவரின் வயிறு அதன் கவலையில் ஒருபோதும் இருந்ததில்லை. மேலும் நொதி என்பது புரதம். அது மடிந்திருக்கும் வடிவம் குலைந்தால் வேலையும் போயிற்று. வெறும் வயிற்றில் இரைப்பையின் பிஎச் அளவு ஏறத்தாழ 1.5 முதல் 2 வரை. அந்த அமிலத்தில் காய்கறி நொதிகளில் பெரும்பாலானவை உருக்குலைகின்றன. குலைந்ததைத் துண்டுபோட, 1836இல் ஜெர்மானியர் தியோடர் ஷ்வான் கண்டறிந்த பெப்சின் காத்திருக்கிறது. பெப்சின் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. பருப்பின் புரதமானாலும் கேரட்டின் நொதியானாலும் ஒரே நறுக்குதான். ஆக, அடுப்பில் கெடாதது இரைப்பையில் கெடுகிறது. வயிற்றின் கணக்கில் அது இன்னும் கொஞ்சம் புரதம், அவ்வளவே.

உண்டவுடன் அமிலம் நீர்த்துப்போகுமே, அந்த இடைவெளியில் நொதி உழைக்காதோ எனின், சிறிது உழைக்கலாம். ஆனால் அந்நேரத்தில் மாவுப்பொருளை உடைக்க நம் எச்சிலின் அமைலேஸ் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. கையிருப்பு தீர்ந்துவிடாதோ எனின், தீராது: கணையம் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீரைச் சுரக்கிறது, அதிலுள்ள நொதிகளை அன்றன்று புதிதாகச் செய்துகொள்கிறது. இல்லையெனில், சோறே உண்டு தொண்ணூறு கண்ட பாட்டிமார் எப்போதோ திவாலாகியிருக்க வேண்டும். பப்பாளிக்காய் கறியை மென்மையாக்குகிறதே எனின், மெய்தான். அந்த வேலை நடப்பது இரைப்பையில் அன்று, கறியில் விழுதைத் தடவி ஊறவைத்த பாத்திரத்தில். பால் ஒவ்வாதவர்க்கு லாக்டேஸ் மாத்திரை பயன்படுகிறதே எனின், அதில் பெரும்பாலும் இருப்பது அமிலம் தாங்கும் பூஞ்சை நொதி. அந்தத் தகுதி பார்த்துப் பொறுக்கியது. கேரட்டை அப்படி யாரும் தேர்வு வைத்து எடுக்கவில்லை.

இனி எதிர்க்கட்சிக்கு மிகச் சங்கடமான சாட்சி சோயா. பச்சைச் சோயாவில் நம் கணையத்தின் டிரிப்சினையே கட்டிப்போடும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால்தான் அதன் பிடி தளர்கிறது. இங்கே நொதியைக் காப்பாற்றுவதே அடுப்பு. 1998இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்றில், வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 விழுக்காடு செரித்தது. பச்சை முட்டையில் 51 விழுக்காடுதான். சூட்டில் வைட்டமின் சி குறையும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே முடிபு: நாருக்காகவும் சுவைக்காகவும் கேரட்டைப் பச்சையாகத் தாராளமாகத் தின்னலாம், செரிக்கும் பொறுப்பை மட்டும் அதன் தலையில் கட்ட வேண்டாம். இரைப்பைக்குப் பல் கிடையாது. நன்றாக மென்று விழுங்குங்கள்.