ஆறேகால் பிரதட்சிணம்

பெறுநர்: நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, தலைமைச் செயலகம், சென்னை-9.

பொருள்: நகராட்சி ஊழியர் நல ஊக்கத் திட்டம் – மன்னார்குடியில் முன்னோட்டம் – வரைவு விதிகள் – தொடர்பாக.

பார்வை: ஏதுமில்லை.

நல ஊக்கத் திட்டம் என்பது ஊழியரை நடக்கவைத்து, நடந்ததற்குப் பரிசு கொடுத்து, பின்னாளில் ஆஸ்பத்திரிச் செலவை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்பது ஊரறிந்த அளவு. அது மருந்துச் சீட்டிலிருந்து வந்ததல்ல. 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் கருவியை விற்பனைக்கு விட்டு, 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும்படி 'மான்போ-கெய்' எனப் பெயர் வைத்தது. சரக்கு பழசானது, எண் நிலைத்தது.

மன்னார்குடியில் அந்தக் கருவியும் தேவைப்படாது. ஹரித்ரா நதி இருக்கிறது. பெயர்தான் நதி, உண்மையில் 23 ஏக்கர் தெப்பக்குளம். நான்கு கரையும் ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், சுமாராக 1,600 அடி. ஆறேகால் பிரதட்சிணத்தில் இலக்கு முடிந்துவிடும். புண்ணியம் தனிக்கணக்கு.

சிக்கல் தகுதியில் வருகிறது. விடியுமுன் தள்ளுவண்டியோடு புறப்படும் தூய்மைப் பணியாளர், அலுவலகத்தில் முதல் நாற்காலி இழுபடுவதற்குள் பத்தாயிரத்தைத் தாண்டிவிடுவார். பங்குனித் திருவிழாவின் 18 நாளும் கேட்கவே வேண்டாம். வெண்ணெய்த்தாழியன்று பக்தர்கள் சுவாமி மேல் எறியும் வெண்ணெயில் தெருவுக்கும் ஒரு பங்கு உண்டு. வெயிலில் உருகி, மண்ணோடும் செருப்புத் தடத்தோடும் அப்பிக்கிடப்பதை விளக்குமாறு தள்ளாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அப்படிக் குனிந்து நிமிர்ந்ததற்கும் அடிக்கணக்கு போட்டால் பரிசுத் தொகை முதல் வாரமே காலி.

ஆகவே விதி 3: பணி நிமித்தம் நடந்த அடிகள் சேரா. விதி 4: நடை செயலியில் பதிவாக வேண்டும், இடுப்பில் செருகிய பட்டன் போன் செல்லாது. விதி 5: நகராட்சியின் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு முன்மாதிரி உண்டு. 2021 ஜூலையில் தொடங்கிய அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் பிடிக்கப்பட்டது, நான்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரப்பட்டது. ஒப்பந்ததாரர் வழியே வந்தவருக்கு அந்தப் பிடித்தமும் இருக்கவில்லை, அந்தக் காப்பீட்டு அட்டையும் இருக்கவில்லை. அவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, ஒப்பந்ததாரர் ஒழுங்காகக் கட்டியிருந்தால்.

வெளிநாட்டு ஆதாரமும் கைவசம் உள்ளது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்கள் ஏறத்தாழ 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து இத்தகைய ஊக்கத் திட்டத்தைச் சோதித்தது. மருத்துவச் செலவு குறிப்பிடும்படி குறையவில்லை. சேர்ந்தவர்களில் பலர் முன்னரே நலமாக இருந்தவர்கள். நலமானவருக்கே நலப் பரிசு என்பதால் தோல்விக்கு இடமே இல்லை. துறை இதைத் தாராளமாகப் பின்பற்றலாம்.

தொகை தெளிவாக வரையறுக்கப்பட்ட இனம் ஒன்று ஏற்கெனவே உண்டு. பாதுகாப்புக் கருவியின்றி மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இறங்காமல் இருப்பவருக்கு என்ன என்று எந்தக் கோப்பிலும் நடப்பு எழுதப்படவில்லை. அந்த இனத்தில் ஒரு டிபன் கேரியர் பரிந்துரைக்கப்படுகிறது.

விரல் நுனி கிழியாத கையுறை, பணி முடிந்து குளிக்க ஓர் அறை, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஆகியவை நலத் திட்டத்தில் வாரா. முதலாவது தளவாடம், மற்ற இரண்டும் கட்டுமானம். அவற்றுக்குத் தனித்தனிக் கோப்பு தொடங்க வேண்டும்.

நகல்: தணிக்கைப் பிரிவுக்கு (டிபன் கேரியர் செலவுக்கு வரவிருக்கும் தடையை எதிர்நோக்கி).