நெருப்புக்கும் ஒரு விலக்கு கொடுத்துவிடுங்கள்

திருச்சியில் வரி போட வருகிற டேப்புக்குக் கண் ரொம்பக் கூர்மை. 2022-ல் அரசு சொத்து வரியை ஏற்றியபோது 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம், 1,800-ஐத் தாண்டினால் 100 சதவீதம் என்று அடியடியாகக் கணக்குப் பார்த்தார்கள். கொல்லையில் இறக்கிய தகரக் கொட்டகைகூட அதற்குத் தப்பாது.

அதே டேப்பைக் கல்யாண மண்டபத்து மாடிப்படியின் குறுக்கே யாராவது பிடித்ததுண்டா?

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல், நிறைய உறவுக்கூட்டம். வீடியோ விளக்குக்குப் போன ஒயரில் பொறி என்றார்கள். இறங்குவதற்குக் குறுகலான படி. மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் செத்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள், அங்கேயும் கீற்றுதான். கீற்று எரியும் என்ற அரிய உண்மை அதற்குப் பிறகுதான் கோப்புகளுக்கு எட்டியது. ஸ்ரீரங்கத்துப் பிணங்கள் போதவில்லை போலும்.

தீயணைப்பு நகராட்சிகளின் வேலை என்று அரசியல் சாசனத்தின் 12-ஆம் அட்டவணையில் எழுதி 30 ஆண்டுக்கு மேலாயிற்று. தமிழ்நாட்டில் இன்னமும் அது மாநிலத் துறை. அமெரிக்காவில் பல ஊர்களில் தீயணைப்புக்கென்றே தனி வாரியம், தனிச் சொத்து வரி. யாருக்கு விலக்குக் கொடுத்தால் வண்டிக்கு எவ்வளவு துண்டு விழும் என்று அங்கே அடித்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தச் சண்டை போடவும் வழியில்லை. சொத்து வரியோடு நூலகத்துக்கும் கட்டுகிறோம். தீயணைப்புக்கு எவ்வளவு போகிறது என்று ரசீதில் தேடிப் பாருங்கள்.

விலக்குக்கு மட்டும் பஞ்சமில்லை. கோயிலுக்கு, சர்ச்சுக்கு, பள்ளிவாசலுக்கு உண்டு. பொன்மலை ரயில்வே பணிமனை போன்ற ஒன்றிய அரசுச் சொத்துகளுக்கு அரசியல் சாசனத்தின் 285-ஆம் பிரிவு குடை பிடிக்கிறது. சேவைக் கட்டணம் கொடுத்தால் போதும். தீப்பிடித்தால் அவர்களும் 101-ஐத்தான் அழைக்க வேண்டும்.

ஆகவே மாமன்றத்துக்கு ஒரு யோசனை. நெருப்புக்கே விலக்கு அளித்துத் தீர்மானம் போடுங்கள். என்.எஸ்.பி. சாலையில் பைக்குகளும் துணிக்கடைப் பொம்மைகளும் நிற்கிற இடம் போக வண்டி நுழைய வழியில்லாததால், மாலை 6 முதல் 9 வரை அங்கே தீ எரியக் கூடாது. ஆடித் தள்ளுபடி மாதம் முழுக்க விடுமுறை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பொறி பறந்தால் அபராதம். மீறினால் நோட்டீஸ் ஒட்டலாம். ஒட்டுவதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இந்தக் கேலி கசக்கிறதா, கவுன்சிலர்களே? அப்படியானால் டேப்பை எடுங்கள். விலக்கு வாங்குகிற கட்டடமானாலும் வரி கட்டுகிற மண்டபமானாலும் இரண்டாவது படிக்கட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதன் அகலத்தை வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள். பெண்ணைப் பெற்றவர் அதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.