வீட்டிலேயே தயாரிக்கலாம் தாழ்வு மனப்பான்மை

வடாம், அப்பளம், மாவடு எல்லாவற்றையும் இப்போது கடையில் வாங்கப் பழகிவிட்டோம். ஆனால் ‘நமக்கு மூளை கொஞ்சம் கம்மிதானோ?’ என்கிற சந்தேகத்தை மட்டும் சென்னை நங்கநல்லூரில் இன்னும் அவரவர் வீட்டில்தான் போட்டுக்கொள்கிறார்கள். கடைச் சரக்கில் அந்தக் காரம் வராது.

இதற்கு எங்கள் ஊர் மண் வாகானது. தெருவுக்கு நாலு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், இரண்டு ஆடிட்டர், ஒரு கணக்கு வாத்தியார். ஒவ்வொருவருக்கும் வெளிநாட்டில் ஒரு பிள்ளை. ஊருக்கு நடுவே 32 அடி உயரத்தில் ஆஞ்சநேயர். கடலைத் தாண்டும் பலம் தனக்கு இருப்பதே அவருக்கு மறந்துபோய், ஜாம்பவான் எடுத்துச் சொன்ன பிறகுதான் எழுந்து நின்றார் என்பது ஊரறிந்த கதை. அவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வெளியே வருகிற நாம், அந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வருகிறோம். முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் நான் கண்ட செய்முறையைக் கீழே தருகிறேன்.

தேவையானவை

பக்கத்து வீட்டுப் பையன் – 1 (அமெரிக்காவில் முற்றியது உத்தமம், கிடைக்காவிட்டால் பெங்களூரு)
பழைய மார்க் ஷீட் – 1 (லேமினேட் செய்தது)
குடும்ப வாட்ஸப் குரூப் – 1
வாக்கிங் நண்பர்கள் – 4
மௌனம் – தேவையான அளவு

படி 1: மார்க் ஷீட்டை வெளியே எடுங்கள்

தமிழ்நாடு அரசு 2017-இல் பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. 1200 என்று இருந்த பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 2019 தேர்விலிருந்து 600 ஆனது. நங்கநல்லூர் இந்த இரண்டு உத்தரவுகளையும் படித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டது. இங்கே ரேங்க் லிஸ்ட் காய்கறிக் கடையிலேயே வெளியாகும். கத்திரிக்காய் பொறுக்கி முடிப்பதற்குள் யார் வீட்டுப் பெண்ணுக்கு என்ன கட்-ஆஃப் என்று தெரிந்துவிடும்.

நான் கணக்கில் 200-க்கு 141. மாடி போர்ஷனில் இருந்த பையன் சென்டம். அவன் இப்போது சியாட்டிலில் இருக்கிறான். இங்கே முக்கியமான பக்குவம் என்னவென்றால், மிச்சம் 59 மார்க் எங்கே போனது என்பதை மத்தியானத்தில் தேடக் கூடாது. இரவு இரண்டு மணிக்குத் தேட வேண்டும். அப்போதுதான் இன்றைக்கு ஆபீஸில் சொன்ன தப்பான பதிலுக்கும் அன்றைக்கு விட்ட தொகைநுண்கணிதத்துக்கும் நேர்த் தொடர்பு இருப்பது புலப்படும்.

படி 2: ஆளை நறுக்கும் விதம்

உங்களை எடுக்கும்போது முழுசாக, காம்பு, பூச்சி, சொத்தை எல்லாவற்றோடும் எடுங்கள். எதிராளியை எடுக்கும்போது நல்ல பாகத்தை மட்டும் வில்லையாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ராமானுஜன். அவரை 1913 ஜனவரியிலிருந்துதான் நறுக்க வேண்டும். அந்த மாதம்தான் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய பாகம் செய்முறைக்கு உதவாது. கும்பகோணம் கல்லூரியில் கணக்கு தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகை போனது, சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதது, 1912-இல் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தது, ஹார்டிக்கு முன்பு அவர் கடிதம் எழுதிய கணித மேதைகள் கண்டுகொள்ளாதது எல்லாம் தோல் மாதிரி. சீவித் தூரப் போட்டுவிடுங்கள். கூட வெந்தால் ருசி மாறிவிடும்.

இதே ஹார்டி ஒரு தடவை கணிதத் திறமைக்கு மார்க் போட்டதாகச் சொல்வார்கள். ராமானுஜனுக்கு 100. கணித மேதை ஹில்பர்ட்டுக்கு 80. தன்னோடு சேர்ந்து வேலை செய்த லிட்டில்வுட்டுக்கு 30. தனக்கு 25. நம்ம ஊர்க் கணக்கில் ஃபெயில். 25 வாங்கியவர் நியாயமாகப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும். இவரோ 100 வாங்கியவரைக் கப்பலேற்றி வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் வேலை பார்த்தார். வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பக்குவமெல்லாம் வராது.

படி 3: தூரம் ஆறடி

பார்க்கில் ஒரு மாமா தினமும் காலையில் இங்கிலீஷ் பேப்பர் குறுக்கெழுத்துப் புதிரைப் போடுவார். பென்சிலில் இல்லை, பேனாவில். நீல மை. அடித்தல் திருத்தல் கிடையாது. நான் ஆறடி தூரத்தில், மூன்றாவது ரவுண்டு நடந்தபடி அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அதே பேப்பரைப் பிரிப்பேன். ஒரு குறிப்பு கூட என்ன மொழியில் எழுதியிருக்கிறது என்று தெரியாது. இப்படி நாலு வருஷம் அருமையாகப் போனது.

ஆறடி என்பது முக்கியம். ஒரு நாள் ஷூ லேஸ் அவிழ்ந்து, அவருடைய பெஞ்சிலேயே உட்கார வேண்டியதாகிவிட்டது. மடியில் இருந்தது நேற்றைய பேப்பர். பக்கத்தில் இன்றைய பேப்பர், விடை இருக்கிற பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து வைத்திருந்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கொஞ்சம்கூடச் சங்கடப்படவில்லை.

“முதல்ல விடையை எழுதிடுவேன் சார். அப்புறம் இந்தக் குறிப்புலேர்ந்து இந்த வார்த்தை எப்படி வந்ததுன்னு யோசிப்பேன். ரிட்டயர் ஆனப்புறம் யார் சொல்லித்தரப் போறா? இப்போ பத்துக்கு மூணு நானாவே போடறேன்.”

நாலு வருஷ உழைப்பு ஒரு ஷூ லேஸில் போயிற்று. ஆகவே, செருப்புப் போட்டுக்கொண்டு நடங்கள்.

படி 4: அளவுகோல்

போனில் இலவச ஐ.க்யூ. சோதனை ஒன்றைத் திறந்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பின்னால் சீரியல் ஓடும்போது எழுதுங்கள். 94 என்று வரும்.

இந்தச் சோதனையின் மூதாதையை 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் என்ற இரண்டு பேர் செய்தார்கள். எந்தக் குழந்தைக்குப் பள்ளியில் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்காகச் செய்தது. யாருக்கு உதவி வேண்டும் என்று கேட்ட கருவி, பின்னாளில் யார் ஒசத்தி என்று கேட்க ஆரம்பித்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. இன்னொன்றையும் யோசிக்காதீர்கள்: சராசரிக்கு 100 என்று வைத்துக்கொண்டுதான் இந்த அளவுகோலையே செய்கிறார்கள். நாளைக் காலையில் ஊர் மொத்தமும் இரண்டு மடங்கு புத்திசாலியாக எழுந்தாலும், கோட்டை மறுபடி நடுவில் போட்டுவிடுவார்கள். பாதிப் பேர் 100-க்குக் கீழேதான் இருப்பார்கள்.

போன் கேட்காத கேள்விகளும் உண்டு. மழை நாளில் பழவந்தாங்கல் சப்வேயில் எவ்வளவு தண்ணீர் என்று எதிரே வருகிறவரின் வேட்டி நனைந்த உயரத்தைப் பார்த்தே சொல்கிற பூக்காரம்மா ஒருவர் இருக்கிறார். “ஸ்கூட்டரைத் திருப்பு சாமி” என்பார். ஒரு தடவை திருப்பாமல் போனேன். மெக்கானிக்குக்கு ஆன செலவைச் சொல்ல விரும்பவில்லை. அவருடைய ஐ.க்யூ. என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவரும் 94 பற்றிக் கவலைப்பட்டதில்லை.

படி 5: மௌனம் சேர்த்துக் கிளறவும்

இதுதான் உப்பு. இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் ஒட்டாது. மீட்டிங்கிலோ கல்யாண மண்டபத்திலோ புரியாத வார்த்தை வந்தால், புருவத்தைச் சற்றே சுருக்கி, மோவாயைத் தடவி, அரை நொடி தாமதித்துத் தலையாட்டுங்கள். “அப்படின்னா என்ன?” என்கிற இரண்டு சொற்களை எக்காரணம் கொண்டும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த நிமிஷம் விஷயம் புரிந்து தொலைக்கும்.

வாசகர் சந்தேகங்கள்

*‘தன்னைச் சந்தேகப்படுகிறவனே உண்மையான புத்திசாலி’ என்று எங்கள் வாட்ஸப் குரூப்பில் வந்ததே?*

வரும். அதன் வேர் ஒரு எலுமிச்சம்பழத்தில் இருக்கிறது. 1995-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒருவர் முகத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு பட்டப்பகலில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடித்தார். எலுமிச்சைச் சாற்றால் எழுதினால் எழுத்து தெரியாதல்லவா, அதேபோல முகமும் கேமராவில் தெரியாது என்பது அவர் கணக்கு. இந்தச் செய்தியில் ஆரம்பித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் டன்னிங், குரூகர் என்ற இருவர் ஆராய்ச்சி செய்து 1999-இல் வெளியிட்டார்கள். தேர்வில் கடைசிக் கால்வாசியில் வந்த மாணவர்கள் உண்மையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரைத்தான் முந்தியிருந்தார்கள். 62 பேரை முந்திவிட்டதாக நினைத்தார்கள். முதல் கால்வாசியினர் தங்கள் இடத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னார்கள்.

ஆக, சந்தேகம் வந்துவிட்டால் புத்திசாலி என்று அர்த்தமில்லை. வாட்ஸப் ஆறுதலை நம்பாதீர்கள். ஆனால் அந்த முதல் கால்வாசியினர் எங்கே தவறினார்கள் என்பது சுவாரசியம். தங்கள் விடைத்தாளை அவர்கள் சரியாகத்தான் எடை போட்டார்கள். தனக்கு வந்தது எல்லோருக்கும் வந்திருக்கும் என்று அடுத்தவர் விடைத்தாளைத்தான் தப்பாக எடை போட்டார்கள். மற்றவர்களின் விடைத்தாளைக் கையில் கொடுத்ததும் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். இது நம் தொழிலுக்கு ஆபத்தான செய்தி. அடுத்தவர் விடைத்தாளைப் பார்க்காதீர்கள்.

*எனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. எங்கோ கையெழுத்து மாறிப்போயிருக்கும் என்று தோன்றுகிறது. நான் சரியாகச் செய்கிறேனா?*

பிரமாதம். 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் வாங்கிய பெண்கள், தாங்கள் ஊரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் ஒரு நாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றும் பயந்துகொண்டிருந்தார்களாம். சான்றிதழ் எத்தனை சேர்ந்தாலும் பயம் குறையவில்லை. நீங்கள் உயர்ந்த பதவிக்குப் போகப் போக இந்தச் சரக்கு இன்னும் நன்றாக ஊறும்.

*நிஜமாகவே என்னைவிடப் புத்திசாலிகள் இருக்கிறார்களே, ஐயா?*

இருக்கிறார்கள். அதுவும் சென்னையில் கேட்கவே வேண்டாம். செஸ்ஸில் விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஆனால் செஸ் ஆடுகிறவர்களிடம் சேராதீர்கள், கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் தோற்றவர், ஜெயித்தவரோடு அதே பலகையில் உட்கார்ந்து காய்களைப் பின்னால் நகர்த்தி, “எங்கே விட்டேன்?” என்று பேசுவார். படி 5-க்கு இதைவிடப் பெரிய விரோதம் கிடையாது.

எச்சரிக்கை: சரக்கு கெட்டுப்போகும் விதம்

போன மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு ஹாலில் உபன்யாசம். பிளாஸ்டிக் நாற்காலி, நாலாவது வரிசை, நேர் மேலே மின்விசிறி. உபன்யாசகர் ஒரு கட்டத்தில், “அப்படிச் சொன்னா அன்யோன்யாச்ரய தோஷம் வந்துடும்!” என்றார். நான் இடது பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தேன். அங்கே இருந்த மாமா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நானும் ஆட்டினேன். ஹாலே ஆடியது. ‘இத்தனை பேருக்குப் புரிகிறது, நமக்கு மட்டும்...’ என்று இரவு இரண்டு மணிக்கு வேண்டிய சரக்கு கைக்கு வந்துவிட்டது.

சுண்டல் வரிசையில் அதே மாமா எனக்குப் பின்னால் நின்றார். தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, “சார், அந்த அன்யோன்யாச்ரயம்னா என்ன? நீங்க கரெக்டா தலையாட்டினேளே, அதான் கேக்கறேன்” என்றார்.

“நான் உங்களைப் பார்த்துதான் ஆட்டினேன்.”

அவர் தொன்னையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேருமாக, பின் அறையில் பனங்கற்கண்டு போட்ட பால் குடித்துக்கொண்டிருந்த உபன்யாசகரிடம் போனோம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சாவி பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டி பூட்டியிருக்கு. பெட்டியைத் திறந்தாத்தான் சாவி. சாவி இருந்தாத்தான் பெட்டி திறக்கும். ஒண்ணுக்கு ஒண்ணு ஆதாரம்னு சொல்லிண்டு, ரெண்டுக்குமே ஆதாரம் இல்லாம நிக்கறது. அதான்.”

மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். “அதாவது, நான் இவரைப் பார்த்துத் தலையாட்டறது, இவர் என்னைப் பார்த்துத் தலையாட்டறது.”

உபன்யாசகர் சிரித்துப் பால் புரையேறிவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த தடவை கையைத் தூக்கிடுங்கோ. யாருக்குப் புரியறது, யாருக்குப் புரியலைன்னு எனக்கும்தான் தெரியமாட்டேங்கறது. எல்லாருமா தலையாட்டிடறேள்” என்றார்.

ஆகவே வாசகர்கள் கவனிக்க வேண்டியது: சுண்டல் வரிசையில் பேச்சுக் கொடுக்காதீர்கள். பார்த்துப் பார்த்துப் போட்டு வைத்த என் முப்பத்தைந்து வருஷச் சரக்கு, அன்றைக்கு ஒரு தொன்னைச் சுண்டல் தீர்வதற்குள் ஊசிப்போய்விட்டது.